உன் ‘இன்னா’வை எடுத்துவிட்டேன்

நேற்று ரயிலில் லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். என்டர் பட்டனுக்கு அடியிலிருந்து காய்ந்த பூண்டுத்தோல் ஒன்று விழுந்தது. உன்னுடையதுதான். நாம் எழுதிய புரோகிராமின் டெஸ்ட் ஓடி முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார உன்னால் முடியாது. லேடீஸ் பெட்டியில் யார் பூண்டு உரித்தாலும் பாதியை வாங்கிக்கொள்வாய். மாரிகுப்பத்தில் ஆரம்பிக்கிற டெஸ்ட் பங்காருப்பேட்டையில் முடியும், அதற்குள் யாருடைய வீட்டுச் சமையலோ பாதி ஆகியிருக்கும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கீபோர்டு இன்னும் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த லைப்ரரி நம் தலையில் விழுந்த விதத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் கோடு அது; எங்கோ வெளிநாட்டில் ஒருவர் எழுதி இலவசமாக வைத்திருந்தார். நீ அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாய். அவர் நன்றி சொல்லி, ‘இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மொத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம். ஆபீசில் வேறு வேலை, இது ரயில் வேலை.

தூரத்து மெஷினில் கிடக்கும் ஃபைல்களை இங்கே ஒரு சாதாரண ஃபோல்டர்போலக் காட்டுவதற்கு அது உதவும். கணினியின் அடியாழத்தில் இருக்கும் கெர்னலுக்குள் இறங்காமல் வெளியிலிருந்தே அதைச் செய்யும். உனக்குப் பிடித்ததே அதுதான். “கீழ எறங்கற வேலயெல்லாம் நம்ம தாத்தாங்களோட முடிஞ்சிச்சி. நாம மேலயே ஒக்காந்து பாக்கலாம்” என்றாய். தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேத்திகள் நாம்; ஸ்கெலட்டன் லைன்காரி நீ சொன்னால் பாலகாட் லைன்காரி நான் தலையாட்டாமல் என்ன செய்வேன்?

ஒருநாள் எதிர்சீட்டு அக்கா, தினமும் இரண்டு பேரும் அப்படி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். காணாமல்போன ஃபைலைத் தேடிக் கொடுக்கிறோம் என்று நீ சொல்லிவைத்தாய். அதோடு விட்டதா? ஏதோ ஓர் ஆபீசில் காணாமல்போன தன் வீட்டுப் பத்திர ஃபைலையும் தேடித்தரச் சொல்லி, அவர் ஒரு வாரம் நமக்கு இட்லி கொண்டுவந்தார். நீ கூசாமல் சாப்பிட்டாய். சரி, நானும்தான்.

அந்த இட்லி வாரத்தில்தான் நீ அந்தத் தப்பைச் செய்தாய். லைப்ரரிக்குப் புரியாத கட்டளை வந்தால் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க, அந்த இடத்தில் ‘இன்னா’ என்று ஆங்கில எழுத்தில் அச்சடிக்கச் சொல்லி ஒரு வரி போட்டிருந்தாய். எடுக்க மறந்து உலகத்துக்கே வெளியிட்டுவிட்டோம். இரண்டு வாரத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அது எந்த எரர், எதன் சுருக்கம் என்று கேட்டார்கள். ஒரு மகானுபாவர் நான்கு எழுத்துக்கும் நான்கு ஆங்கில வார்த்தை கண்டுபிடித்து விளக்கமே எழுதிவிட்டார். நாம் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எடுத்துவிடலாம் என்றேன். “இன்னாத்துக்குடி எடுக்கணும்? புரியலன்னா அதுவும் வேற இன்னா கேக்கும், பாவம்” என்றாய். அது நிலைத்துவிட்டது.

போன மாதம் ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியவர் வெளிநாட்டில் வானத்தைப் பார்க்கிற கூட்டத்தில் வேலை செய்பவர். தொலைநோக்கியின் பதிவுகளை நம் லைப்ரரி வழியாகச் சேமிக்கிறார்கள். நட்சத்திரக் கணக்குகளுக்கு நடுவே அங்கங்கே ‘இன்னா’ என்று விழுந்து, அந்தப் பதிவுகள் கெட்டுப்போகின்றன. அந்த வரியையே நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நியாயம்தான். ஆனால் உன் கையெழுத்தாக அதில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். மற்றதையெல்லாம் யார் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். மூன்று வாரம் பதில் போடாமல் இழுத்தடித்தேன். வேறு இடத்தில் ஒளித்துவைக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். ஒளிக்கப்போன இடத்திலெல்லாம் யாருடைய ஃபைலாவது இருந்தது.

அப்போது நம் முதல் சண்டை நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவரின் கல்யாணப் போட்டோக்களை நம் லைப்ரரி தின்றுவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டால் பெயர் கெட்டுவிடும் என்று நான் பயந்தேன். “நம்ம பேரு போனா போவுது. அவங்க ஃபைலு போவக்கூடாது” என்று சொல்லி, மன்னிப்புக் கடிதத்தை நீயே எழுதினாய்.

நேற்று திருத்தத்தைச் சேர்த்தேன். உன் வரி போய்விட்டது.

வானத்துக்காரர் உடனே நன்றி எழுதினார். குறிப்பில் போட வேண்டும், ‘இன்னா’ என்பதன் விரிவு என்ன என்று கேட்டிருந்தார். எங்கள் கோலார் தங்கவயல் தமிழில் ‘என்ன’ என்று அர்த்தம், என் தோழி விளையாட்டாக எழுதியது, அவள் இப்போது இல்லை என்று எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. அவர்கள் ஊரில் இன்னா என்று பெண்களுக்குப் பெயர் உண்டாம். இந்த லைப்ரரியை எழுதியவளே தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் ஆபீசில் எல்லோரும் இத்தனை வருஷமாக நினைத்தார்களாம். புரோகிராம் தகராறு செய்தால், ‘இன்னா இன்று கோபமாக இருக்கிறாள், டீ குடித்துவிட்டு வரலாம்’ என்பார்களாம்.

ரயிலென்றும் பாராமல் அழுதேன், சிரித்துக்கொண்டே. நீங்கள் நினைத்தது சரிதான், அது அவள்தான் என்று பதில் போட்டேன்.