உன் காரின் அகலச் சில்லுகள்

என் மச்சான், என் கூட்டாளி, தேவா,

ரெக்ஸ்டேலில் உன் வீட்டு வாசலில் பனி இன்னும் கரையவில்லை. அந்தப் பனிக்குள்தான் உன் கார் நிற்கிறது. பின்பக்கம் பழைய ஒல்லிச் சில்லுகள். நீ பார்க்காமல் போனது நல்லதுதான்.

இதைப் பத்திரிகையில் போடத்தான் எழுதுகிறேன். விட்பிக்கும் பத்திரிகை போகும்தானே, அங்கே இருக்கிற உன் மூத்தண்ணர் வாசிக்கட்டும்.

எழுபதாம் ஆண்டுக் கார், எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு. அதற்கு நாங்கள் அகலமான பின்சில்லுகளைப் பூட்டிய அன்று ரொறன்ரோவே திரும்பிப் பார்த்தது. ஒரு பொலிஸ்காரன் மறித்து, டிக்கெற் எழுதாமல் ரயரைத் தடவிவிட்டுப் போனான். பலாலி விமானநிலையத்தில் பிளேன் சில்லைக் கழற்றிய கை இது என்று நான் சொன்னால் சிரிக்காமல் கேட்டவன் நீ ஒருவன்தான். இனி யாரிடம் சொல்ல?

உள்ளே காரைத் தாங்கும் வில்லுத்தட்டு, வெளியே சில்லை மூடும் மட்காட் விளிம்பு. இரண்டிலும் முட்டாமல் ரயர் சுற்ற ஒரு விரல் இடம் இருந்தது. வெறுங்காரில் அளந்தோம். காரை அளந்தோமே தவிர, எங்கள் சனத்தை அளக்கவில்லை.

அண்ணர் தன் மகளின் கலியாணத்துக்கு உன் காரைத்தான் கேட்டார். முன்னுக்கு நீ, நான், கலியாணப் பொம்பிளை. பின்னுக்கு அண்ணர், அண்ணி, இரண்டு அன்ரிமார், மடியில் பலகாரப் பெட்டி. கார் பின்னால் குந்தியது. மட்காட் விளிம்பு ரயரைச் சீவி, மண்டப வாசலில் ரப்பர் புகையோடு போய் இறங்கினோம். “தம்பி காருக்கு அளவு பார்க்காமல் செருப்பு வாங்கிப் போட்டிட்டான்” என்றார் அண்ணர். சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய். கோடை வரட்டும், விளிம்பை உள்ளுக்கு மடிப்போம் என்று என் காதுக்குள் சொன்னாய்.

கோடைக்கு முன் நீ பிறம்ரன் வெயார்ஹவுசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். செத்தவீட்டில் அண்ணர் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார், குளிரில் காருக்குக் கீழே கிடந்துதான் உன் நெஞ்சு கெட்டதாம். நீ அடித்த இரட்டை ஷிப்ட்டை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, அண்ணர் அகலச் சில்லைக் கழற்றி ஒல்லியைப் பூட்டி, காரை வாங்க ஓர் ஆளையும் கூட்டிவந்து நின்றார். உன் பெண்சாதி மலர் வாசலுக்கு வந்தாள்.

“அத்தான், கழட்டின சில்லைத் திருப்பிப் பூட்டுங்கோ. பிறகு விக்கிறதைப் பற்றிக் கதைப்பம்.”

“அது உரசுது பிள்ளை. ஒருத்தனும் வாங்கான்.”

“நீங்கள் ஏறினபடியால் உரசினது.”

வந்த ஆள் போய்விட்டான். அண்ணர் தேத்தண்ணி குடிக்காமலே புறப்பட்டார். கழற்றிக் கிடந்த சில்லுகளை நான் என் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன், மச்சான்.

சில்லுகள் இப்போது என் பேஸ்மென்ற்றில், ரீவிக்குப் பக்கத்தில். உன் தங்கச்சி தினமும் துடைக்கிறாள்.

பனி போகட்டும். விளிம்பைச் சூடாக்கி மடித்து, உன் சில்லுகளைப் பூட்டுவேன். இந்தமுறை ஆள் ஏற்றித்தான் அளப்பேன். அதே அன்ரிமார், அதே பெட்டி, நடுவில் அண்ணர். விட்பி வரைக்கும் ஓடுவேன். சில்லு உரசாது, வாய் திறக்காது. அவர் திறக்கட்டும் பார்ப்போம்.

நீ புளுகன் என்று கூப்பிட்ட,
உன் தங்கச்சியின் புருஷன்,
மச்சான் சிவம்