வெள்ளைக் காருக்கு வைத்த முள்

மாமா,

இன்று காலை என் காரின் பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் மதியம் சோறு பிசையும்போது விரலிலிருந்து அது கிளம்பியது. பக்கத்து டீச்சர் முகத்தைச் சுளித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்மண்டலம் வீட்டு வாசலில், முழங்கை வரை ஆயில் வழிய, உங்கள் வெள்ளைக் காருக்குள் கையை விட்டுக்கொண்டு நான் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்துவிட்டது.

2009. பாப்பாவுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. சிதம்பரத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸில் போய்த் திரும்பினால் இருட்டிவிடும். குழந்தை பாலுக்கு அழும். என்னைக் கட்டிய உங்கள் மகனோ வெளிநாட்டில். தினமும் காரில் கொண்டுபோய் விட்டு, பள்ளி விடும்வரை அங்கேயே காத்திருந்து கூட்டிவருகிறேன் என்று நீங்கள் சொன்னதால்தான் வேலையில் சேர்ந்தேன். வாழ்நாளெல்லாம் மீன்பிடி போட்டில் டிரைவராக இருந்துவிட்டு, கரைக்கு வந்தபின் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார் அது. ரோட்டைக்கூட அலையைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பீர்கள்.

திடீரென்று ஒரு வாரமாக, வண்டி ஓடிச் சூடாகி எங்காவது நிற்கும்போதெல்லாம் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். உள்ளே ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், இந்தக் காருக்கு அவ்வளவு செலவு தகாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள். அன்று மாலையே உங்கள் மகன் போனில் காரை விற்றுவிடச் சொன்னார். கையோடு என்னை வேலையையும் விட்டுவிடச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் பின்னாலேயே வந்து நின்றீர்கள்.

“போட்டுல முள்ளுதான்மா இருக்கும். பிரஷரு எவ்ளோன்னு அது காட்டும். இந்த லைட்டுக்கு எரியத் தெரியும், அணையத் தெரியும், அவ்ளோதான். அதோட சுவிச்சே கெட்டுப்போயிருந்தா? முள்ளு வெச்சிப் பாத்துட்டு அப்புறம் விக்கிறதப் பத்திப் பேசுவோம்.”

பாண்டிக்குப் போய் மீட்டர் வாங்கிவந்தீர்கள். கறுப்பு முகத்தில் வெள்ளை எண்கள், சுருட்டிவைத்த செம்புக் குழாய், மூன்று வாய் உள்ள ஒரு பித்தளை ஜாயின்ட். எஞ்சினிலிருந்து அந்த விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அங்கே ஜாயின்டை முடுக்கி, ஒரு வாயில் அதே சுவிட்சையும் இன்னொன்றில் குழாயையும் மாட்ட வேண்டும். குழாய் வழியாக வரும் ஆயில் முள்ளைத் தள்ளும். கூட வந்த இங்கிலீஷ் தாளை நான் படித்துச் சொல்லச் சொல்ல, எனக்கு முன்னாலேயே நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஆனால் கயிறு இழுத்துத் தடித்த உங்கள் விரல்கள் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பார்த்தீர்கள்.

“உன் கை போவும்மா.”

வளையல்களைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தேன். டீச்சரை மெக்கானிக் ஆக்கத்தான் மருமகளாகக் கூட்டிவந்தீர்களா என்று அத்தை உங்களைத் திட்டினார். நீங்கள் டார்ச் அடிக்க, நான் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவிச் சுவிட்சைக் கழற்றினேன். ஆயில் முழங்கைக்கு வழிந்தது. எனக்கு அருவருப்பே வரவில்லை, மாமா. எங்கே மரை பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்பது விரலுக்குத் தெரியத் தெரிய, நெஞ்சு படபடவென்று அடித்தது. சூடான இரும்பில் படாமல் குழாயை வளைத்து உள்ளே கொண்டுவந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே மீட்டரை முடுக்கினோம்.

சாவியைத் திருப்பினீர்கள். முள் அசையவில்லை. குழாய் நிறைய வேண்டும் என்பது நமக்கு மறந்தே போயிருந்தது. அடுத்த நொடி முள் ஒரே தாவலாகத் தாவி அறுபதில் போய் நின்றது. அதே வேகத்தில் உங்கள் வேட்டியில் ஆயில் பீச்சியடித்தது. ஒரு நட்டை நான் சரியாக முடுக்கவில்லை. அத்தை சிரித்ததை அன்றுதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன்.

நட்டை இறுக்கினோம். ஆனால் ஆறிய எஞ்சின் அறுபது காட்டுவதில் அதிசயமில்லை, சூடேறியபின் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு, பத்துக்குக் கீழே போகக் கூடாது என்றீர்கள். உடனே கிளம்பிவிட்டோம். பாப்பாவோடு அத்தையும் ஏறிக்கொண்டார். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி நெடிக்குக் கண்ணாடியை ஏற்றியபோதும் என் கண் முள்ளைவிட்டு அகலவில்லை. ஆலப்பாக்கத்தில் ஐம்பது என்றேன். புதுச்சத்திரம் தாண்டி நாற்பத்தைந்து. அதற்குள் அத்தையே பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, இப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

சிதம்பரம் கீழவீதியில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் விட்டீர்கள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. முள் இறங்கியது. நாற்பது. முப்பது. இருபதுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. நீங்கள் மீட்டர் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தீர்கள். அசையவில்லை. விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“லைட்டுதான்மா பொய் சொல்லுது. எஞ்சின் நல்லாருக்குது.”

நான் கத்தியே விட்டேன். பாப்பா விழித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துப் பூக்கடைக்காரம்மா என்னமோ ஏதோவென்று எழுந்து பார்த்தார். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

வீடு திரும்பியதும் போன் அடித்தது. காரை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று உங்கள் மகன் கேட்டார். சொல்ல வாயெடுத்த நீங்கள் நிறுத்திக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினீர்கள்.

“நீயே சொல்லும்மா. கை வெச்சது நீ.”

“வண்டிய விக்கலைங்க. சுவிச்சுதான் கெட்டுப்போச்சு, நாளைக்கு மாத்திடுவோம். நான் வேலைக்குப் போறேன்” என்றேன்.

அவர், பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். நான் விலாவாரியாகச் சொல்லச் சொல்ல, நீங்கள் ஆயில் வேட்டியோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அதற்கப்புறம் மூன்று வருடம் அந்தக் காரில் போய்வந்தோம். நடுவில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். நீங்கள் எங்களைவிட்டுப் போனபிறகு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அந்தப் போனுக்கு முன்னால் நான் உங்கள் மகனிடம் எதையும் ‘செய்யட்டுமா’ என்று கேட்டுத்தான் பழக்கம். ‘செய்யப்போகிறேன்’ என்று சொன்னதில்லை. அன்று எனக்குள்ளிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மாமா. வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிறது.