உன் மூலைமட்டமும் என் நார்மலும்

தச்சுவேலையில் நீ சரிகோணம் பார்த்த மூலைமட்டம் இப்போது என் மடியில் இருக்கிறது. இரும்பில் இன்னும் தேக்கு வாசனை. காலையில் உன் வீட்டுக்காரி கொண்டுவந்தாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் குற்றாலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு அருவி சுற்றிக் காட்டியவன். என் இங்கிலீஷைக் கேட்ட ஒருவர் தன் அகராதியையே ஐந்தருவியில் விட்டெறிந்தார் என்று நான் சொன்னபோது, நீ ஒருவன்தான் சிரிக்கவில்லை. "போன தடவை மெயினருவின்னு சொன்னே" என்று மட்டும் சொன்னாய்.

ஆனாலும் என் இங்கிலீஷை நம்பித்தான் உன் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினாய். குத்துக்கல்வலசையில் ஒரு புது வீட்டுக்குக் கதவு நிலை செய்துகொண்டிருந்தாய். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏலே, இதுல என்ன போட்டிருக்கான்?"

வலது ஓரத்தில், மேலே, 'நார்மல்' என்று அச்சாகியிருந்தது. எனக்குத் தெரிந்த சொல்.

"எல்லாம் நார்மல்லே. அச்சடிச்சே குடுத்திருக்கான். சீசனுக்கு அருவியில நின்னா வீக்கம் வடிஞ்சிரும்."

"அப்ப டாக்டரைப் பாக்க வேண்டாங்கியா?"

"அவரு மட்டும் என்ன, நான் சொல்லுததைத்தான் சொல்லப்போறாரு."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். சாரல் சீசன் முடியுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாய். சிறுநீரகம் கெட்டு நாளாகிவிட்டது என்றார்கள்.

பிறகு இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கும் தம்பி மகளிடம் கேட்டேன். "நார்மல்னா இருக்க வேண்டிய அளவுக்குள்ள இருக்கது, பெரியப்பா. அந்தத் தலைப்பு எல்லாத் தாள்லயும் இருக்கும். கீழ உள்ள அளவோட நம்ம அளவைச் சேத்துப் பாக்கணும்" என்றாள். சொல்லின் பூர்வீகத்தையும் சொன்னாள். லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரின் மூலைமட்டமாம். அதற்கு ஒத்து நிற்பதுதான் நார்மல்.

உனக்கு நான் அர்த்தம் சொன்ன சொல் உன் கருவிப் பையில் கிடந்திருக்கிறது. நீ ஒரு நிலையைக்கூடக் கண்ணால் பார்த்துச் சரி என்றதில்லை. "வச்சுப் பாக்காம சொல்லக்கூடாதுலே" என்பாய்.

இன்று மட்டத்தோடு ஒரு தாளும் வந்தது. உன் வீட்டுக்காரியின் ரத்தப் பரிசோதனை.

"அவுக ஞாபகமா இது ஒங்ககிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி. இந்தத் தாளையும் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெம்பு."

ஓரத்தில் அதே சொல்.

"எனக்கு இது வாசிக்கத் தெரியாது தாயி. அன்னைக்கு அவன்ட்டயும் தெரியாமத்தான் சொன்னேன். அவனுக்கு நார்மல் இல்ல. நீ டாக்டர்ட்ட போ."

அவள் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மட்டத்தை அவள் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை. வைத்துப் பார்க்காமலே உனக்குச் சொன்ன நான் இதை இனி எதன்மேல் வைத்துப் பார்ப்பேன், சொல்லுலே.