அக்ஸோரியஸ்

மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். நீ வெளியூர்ப் பள்ளிக்குப் போனதிலிருந்து குக்கருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஜூனில் பழைய பள்ளிக்கே வந்துவிடுவாய்தானே?

ஒரு சந்தேகம். மாற்றலாகிப் போன எங்கள் மேனேஜர் ஆண்டு மலரில் என்னைப் பாராட்டி, ‘நம் ஸ்டோர்கீப்பர் ஓர் உக்ஸூரியஸ் மனிதர்’ என்று எழுதியிருந்தார். ‘லக்ஸூரியஸ்’ என்பதில் ‘எல்’ விட்டுப்போயிற்று என்று புரூஃப் பார்க்கும்போதே அச்சகத்தில் சண்டை போட்டுச் சேர்க்க வைத்தேன். இப்போது ஆபீஸே சிரிக்கிறது. நான் சொதப்பிவிட்டேனா?

உன் கணவன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். விடுதி வார்டன் எட்டிப் பார்த்து, “என்னாச்சு டீச்சர்?” என்றாள்.

அது ‘அக்ஸோரியஸ்’. ‘ஸோ’வை அழுத்திச் சொல்லவேண்டும். சொகுசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மனைவிமேல் அளவுமீறிய பிரியம் வைத்து, அவள் சொன்னபடியெல்லாம் ஆடுகிறவன் என்று பொருள். நம் பேச்சில் பெண்டாட்டிதாசன்.

நீங்களா? சுவருக்கு என்ன பெயின்ட் என்றுகூட என்னைக் கேட்டதில்லை. அது பொறுக்காமல்தானே இங்கே வந்தேன். அந்த மேனேஜரிடம் என்ன சொல்லிவைத்தீர்கள்? அது தெரியாமல் ஜூன் பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு,
டீச்சரம்மா

மார்ச் 15

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

‘அக்ஸோரியஸ்’. நாக்கு சுளுக்கிக்கொண்டது.

பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சரக்கு எண்ணக் கூப்பிட்டால், “வீட்ல விடமாட்டாங்க சார்” என்பேன். பெரிய ஊர்க் கிளைக்குப் பதவி உயர்வோடு மாற்றல் தந்தபோதும், “வீட்ல ஒத்துக்கமாட்டாங்க” என்றேன். யார் அந்த ஊரில் போய் அல்லாடுவது? எல்லோரும் சொல்கிற சாக்குதான். மனுஷன் நம்பிவிட்டார், பாவம். ஜூன்?

உன் கணவன்

மார்ச் 22

உங்களுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அந்த மாற்றல் வந்ததே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் மேலே படிக்க ஏங்கிய கல்லூரி அந்த ஊரில்தான் இருந்தது. உங்களுக்கும் அது தெரியும். நீங்கள் சேர்த்த ‘எல்’ அப்படியே இருக்கட்டும். என்னை முன்னால் நிறுத்திவிட்டுச் சொகுசாகத்தான் இருந்திருக்கிறீர்கள். வாயே திறக்காதவள் உங்கள் ஆபீஸில் ராட்சசி ஆகிவிட்டேன்.

இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் யாராவது கேட்டால், “வீட்ல வரமாட்டேன்னுட்டாங்க” என்று சொல்லுங்கள். இந்த ஒரு தடவை அதைச் சொன்னது நான்.

இப்படிக்கு,
ஆங்கில டீச்சர்