அம்மாவின் பாட்டு அந்தப் படத்தில் இல்லை, அண்ணா

என் அருமை அண்ணனுக்கு,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் 'அருமை' என்று தொடங்கத்தான் கை வருகிறது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது. சாலை பஜாரில் நம் பாத்திரக் கடையை இப்போது என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்கிறார். பித்தளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எவர்சில்வர்தான் ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ எனக்குக் கதை சொன்ன அந்தப் படத்தைப் பார்த்தேன். பிலிம் சொசைட்டியில் போடுகிறார்கள் என்று உன் சிநேகிதர் பாலன் அண்ணன் வந்து சொன்னார். "உன் அண்ணனோட ரெக்கார்டு இருக்கே, அந்த ஜமைக்காப் படமாக்கும். வா பகவதி, ஒருமிச்சுப் போயிட்டு வரலாம்" என்றார். உனக்குச் செய்யும் மரியாதையாக நினைத்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அம்மா போன மறுநாள் அந்த ரெக்கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீ வந்து இறங்கினாய். சினிமாவில் சேரப் போகிறேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போனவன், இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் வந்தாய். தந்தி கிடைத்ததும் ரயில் ஏறினேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று வாசலில் விழுந்து அழுதாய். அப்பா உன்னைத் தூக்கி நிறுத்தினார். அதற்குமுன் அவர் உன்னைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு எனக்குத் தூக்கம் வராத நாட்களில் அந்த ரெக்கார்டைப் போட்டுக் கதை சொன்னாய். பம்பாயில் பார்த்த படம் என்றாய். ரெகே என்று ஒரு வகைப் பாட்டு, தாளம் நாம் நினைக்கும் இடத்தில் விழாமல் தள்ளி விழும் என்றாய். ஒரே தட்டில் எத்தனையோ பேர் பாடியிருந்தார்கள். நம்மூர்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? ஒரு குரல் என்றால் ஓர் ஆள். கனத்த குரல் வில்லன், கெஞ்சுகிற குரல் கதாநாயகன் என்று பிரித்துவைத்தாய். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு மெல்லிய குரல் வரும். "இதாக்கும் அம்மா பாட்டு. மகன் வந்து வாயில வெள்ளம் ஊத்துவான், பின்னேதான் கண்ணை மூடுவா" என்றாய். அந்தப் பாட்டைக் கேட்டு நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

அந்தப் படத்தில் யாருமே வாயசைத்துப் பாடவில்லை, அண்ணா. பாட்டெல்லாம் பின்னால் எங்கோ ரேடியோவில் ஓடுகிறது, ஆட்கள் தங்கள் பாட்டுக்குத் தெருவில் நடக்கிறார்கள். அம்மா பாட்டு வந்தபோது திரையில் ஒரு லாரி மேடு ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் எந்த அம்மாவும் சாகவில்லை.

வெளியே வந்து, "அண்ணன் பம்பாயில் வேறு ஏதோ படத்தைப் பார்த்திருக்கிறான் போல" என்று சிரித்தேன். பாலன் அண்ணன் சிரிக்கவில்லை.

"பம்பாயா? அவன் எங்க பகவதி பம்பாய் போனான்? இந்தா இருக்கிற பொன்முடி மலை எஸ்டேட்ல ஸ்டோர் கிளார்க்கா நின்னான் அல்லே. இத்தனை நாளாச்சு, அவனே சொல்லியிருப்பான்னு இருந்தேன். உனக்கு அறியாதா?"

எனக்கு அறியாது. அம்மாவுக்கு முடியவில்லை என்று அப்பா கொடுக்கச் சொன்ன தந்தியைக் கொடுக்காமல், அன்றைக்கே பாலன் அண்ணன் பஸ் ஏறி உன்னிடம் வந்தாராமே. அப்போது நீ ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாயாமே. கோவளத்திலிருந்து மலை பார்க்க வந்து காய்ச்சலில் படுத்தவன், போகும்போது உனக்கு விட்டுப்போன ரெக்கார்டாமே அது.

"இப்பமே வாடான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். இன்னைக்கே வந்து நின்னா பம்பாய்லேருந்து வந்தேன்னு அப்பா நம்புவாரா, ரயில் வந்துசேருற நாளாவது ஆகட்டும்னு சொல்லிட்டான்."

நீ ரயில் வரக் காத்திருந்தாய். அம்மா உனக்காகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம், "மக்களே, அவன் வந்தானா?" என்று என்னைத்தான் கேட்டாள். பம்பாய் தூரம்மா, இதோ வந்துவிடுவான் என்று உனக்காக நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரியாமலே சொன்னேன்.

பம்பாய் வரை போகாமலே தோற்றுப் போனால் என்ன? கிளார்க் வேலை பார்த்தால் என்ன குறைந்துவிடும்? யாரோ பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிய கை, பெற்றவளுக்கு ஒரு வாய் தண்ணீர் ஊற்ற ஏன் வரவில்லை? அந்தத் தண்ணீரையும் ஒரு பாட்டுக்குள் ஊற்றி என்னிடமே கொடுத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா கடைசிவரை நம்பிக்கொண்டே போனார். நான் பிழைத்திருந்து ஏமாந்தேன்.

ரெக்கார்டை உடைக்கலாம் என்று எடுத்தேன். மனசு வரவில்லை. அதைப் பாடியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வருகிற அம்மாவின் திதியன்று திவசம் முடிந்த கையோடு பஸ் ஏறுவேன். விதுரா தாண்டி, அந்த வளைவுகளெல்லாம் ஏறி, நீ வேலை பார்த்த எஸ்டேட் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். திரும்பி வந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அம்மா படத்தின் முன்னால் நின்று சொல்வேன்: அவன் இவ்வளவு தூரத்தில்தான் இருந்தான், அம்மா.

இன்னமும் உன் தங்கைதான்,
பகவதி