உயிருள்ள மரத்தின் பட்டை

இன்று காலை வகுப்பில் ஒரு மாணவி செம்பழுப்பு நிறத் துணியொன்றை என் மேசையில் விரித்தாள். "இயற்கைச் சாயம் மிஸ், கெமிக்கல் ஒண்டும் போடல்ல" என்றாள். துணி முழுதாகக் காயவில்லை. அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும், பாராட்டுவதற்கு முன்பே என் வாயில் கேள்வி வந்துவிட்டது: "சாயம் எதிலயிருந்து எடுத்த?" தேங்காய் மட்டை என்றாள். நான் நம்பவில்லை. நாளைக்கு மட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று.

அதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் நீ.

நாம் சிலாபத்தில் வடிவமைப்பு டிப்ளோமா படித்த காலம். நான் முந்தலில் பஸ் ஏறி, நீ ஏறும்வரை பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருப்பேன். நீ உடப்பிலிருந்து வந்து மூச்சிரைக்க ஏறுவாய். கடைசி ஆண்டில் 'நிலைபேறான வடிவமைப்பும் சமூகப் பொறுப்பும்' என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன கெடுதி செய்துவிட்டு வந்தது என்று பார்க்காமல் அதைத் தொடக்கூடாது என்பார் அதைப் படிப்பித்த மிஸ். நாங்கள் எல்லோரும் அதைக் கொப்பியில் எழுதினோம். நீ ஒருத்திதான் நம்பினாய்.

உன் தங்கை வேலை செய்த தையல் ஆலையின் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து, கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு நிழல் விரிப்புத் தைத்தாய். பொலியஸ்டர் என்றதும் மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. நானோ களப்பின் உப்புநீரில் வளரும் கண்டல் மரத்தின் பட்டையை அவித்து, பருத்தித் துணிக்குச் சாயமேற்றினேன். வகுப்பே கூடி நின்று பார்த்தது.

நீ மட்டும் வாளியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாய்.

"இது எங்கயடி எடுத்த நீ?"

"களப்புக் கரையில விழுந்து கிடந்த மரம். மச்சான் கொண்டுவந்து தந்தவர்."

"செத்த மரத்துப் பட்டை நொறுங்கும். இது தோல் மாதிரி வளையுதே."

நான் சிரித்து மழுப்பினேன். உனக்குப் பொறாமை என்று அன்று நினைத்தேன். உன் விரிப்பை யாரும் புகழவில்லை, அதுதான் என் துணியில் குறை தேடுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் நீ உன் போனை நீட்டினாய். உன் அப்பாவின் தோணியில் களப்புக்குள் போய் எடுத்த படம். ஏழெட்டுக் கண்டல் மரங்கள், ஆள் உயரத்திலிருந்து அடிவரை சுற்றிவர உரிக்கப்பட்டு நின்றன. உச்சியில் இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. பின்னால் இறால் வளர்க்கும் குட்டை வெட்ட அளந்து நட்ட முளைக்கம்புகள்.

"இது ஆருட காணி?" என்று கேட்டாய்.

"எப்பிடியும் அதெல்லாம் வெட்டத்தான் போறாங்க" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். "அப்ப உனக்குத் தெரியும்."

ஓம், எனக்குத் தெரியும். அந்தக் குட்டைக் காணி என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவருடையது; பட்டை தந்த மச்சான் அவர்தான். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால்தான் கேட்கவில்லை.

மதிப்பீட்டு நாளில் நீ மூன்றாம் வரிசையில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். நான் பேசியதெல்லாம் நடுவர்களிடம், பார்த்ததெல்லாம் உன் கையை. வெளியிலிருந்து வந்த நடுவர் ஒருவர், பட்டை எங்கிருந்து என்று கேட்டார். "விழுந்த மரங்களிலிருந்து" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். கை அசையவில்லை.

எனக்கு முதலிடம் கிடைத்தது. நான் சொன்ன பொய்யை அப்படியே ஒரு அட்டையில் எழுதி, துணியைக் கல்லூரி வாசலில் தொங்கவிட்டார்கள். அங்கேயே எனக்கு உதவிப் போதனாசிரியர் வேலையும் கிடைத்தது.

அதன்பிறகு உன் மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சரியான நேரத்துக்காகக் காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். உன்னிடமிருந்து குறுஞ்செய்தி வந்தால் உடனே திறக்காமல் போனைக் கவிழ்த்து வைப்பேன். "கோயில் திருவிழாவுக்கு வா" என்றுதான் இருக்கும். அதிலும் ஏதோ உள்நோக்கம் தேடினேன். மூன்று முறை சாக்குச் சொன்னேன். நான்காம் முறை நீ கூப்பிடவில்லை.

பிறகு உனக்கு டெங்குக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை.

இதை எழுதத்தான் வேண்டும். செய்தி கேட்டவுடன், அழுகை வருவதற்கு முன்னால், ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் படம் உன்னோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

நீ போன எட்டாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் தங்கை கதிரை எடுத்துப் போட்டாள், தேநீர் தந்தாள். பிறகு என் எதிரில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அந்த மரத்துப் படத்த அக்கா எனக்கு மட்டுந்தான் காட்டினவ. மிஸ்ஸுக்கு அனுப்பச் சொன்னன். 'பொறு, அவள் தானாச் சொல்லுவாள்' எண்டு சொன்னவ."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அக்காட போன் இப்ப என்னட்டத்தான் இருக்கு" என்றாள். அவள் குரலில் கோபமில்லை, கனிவும் இல்லை.

மறுநாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாம் முடிந்த பிறகு இதை ஏன் சொல்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். என் முதலிடத்தை எடுத்துவிட்டார்கள். வேலை மட்டும் தப்பியது. துணியைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டு, அட்டையை மட்டும் மாற்றினேன்: உயிருள்ள கண்டல் மரங்களை உரித்த பட்டை, தெரிந்துகொண்டே பொய் சொன்னேன். கண்டல் மரத்தை வெட்டுவது குற்றம். விஷயம் தெரிந்து அதிகாரிகள் காணியைப் பார்க்கப் போனபோது அங்கே மரம் இல்லை. குட்டையில் தண்ணீர் நிறைந்திருந்தது. மச்சான் வழக்குக்கு அலைகிறார். "நீ எங்கட வீட்டுப் பிள்ளைதானா?" என்று ராத்தா ஒரு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை.

இப்போது அந்தப் பாடத்தை நான் படிப்பிக்கிறேன். நேர்மையானவள் என்று மாணவர்கள் என்னை மதிக்கிறார்கள். நீ என்னை நம்பினாய் என்பதால் சொன்னேனா, போன் உன் தங்கையிடம் இருக்கிறது என்பதால் சொன்னேனா? எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலாவதுதான் என்று ஒவ்வொரு தரமும் பதில் வருகிறது. அந்தப் பதிலை இன்னும் நான் நம்பவில்லை.