ஆறாவது பாட்டில்

ராஸ்னாகீ, மேயோ
மே 26, திங்கள்

அன்புள்ள காஹல்,

நலமாக இருக்கிறாயா? இங்கே நானும் நம் மகள் நெஸ்ஸாவும் நலம். நேற்றும் தொலைபேசியில் வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம். நார்வேயில் வெயில், மேயோவில் மழை. ஏழு மாதமாக நாம் இரண்டு வானிலை அறிக்கைகள்போலத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். வாய் வரவில்லை. வைத்த பிறகு படகுத்துறைவரை இரண்டு முறை நடந்துவிட்டு வந்தேன். அப்போதும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஸ்கி காய்ச்சும் வடிசாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாவது செப்புப் பானை சூடேறிக்கொண்டிருக்கிறது. இடையிடையே எழுந்து போவேன். கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. மீன் தொழிற்சாலை மூடியபோது ஊரைவிட்டுப் போனவர்களில் இரண்டு குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. தேவாலயத்துக்கு எதிரே இருந்த கடையில் இப்போது காப்பி விற்கிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. நாடு முழுவதும் நாலே நாலு வடிசாலை இருந்த காலம் போய் நாற்பதுக்கு மேல் வந்துவிட்டது என்று எங்கள் முதலாளி லவெல் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். இப்போது சில மாதமாகச் சொல்வதில்லை. தெற்கே ஒன்று பானைகளின் தீயை அணைத்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். வெளிநாட்டில் விற்பனை மந்தம் என்கிறார்கள். எங்களிடமும் வாரத்தில் ஐந்து நாள் ஓடிய பானைகள் இப்போது மூன்று நாள்தான் ஓடுகின்றன. பானை ஓடாத நாளில் கொட்டகைக்குள் நிற்கவே முடியவில்லை. அவ்வளவு நிசப்தம். துடைத்த குழாயையே மறுபடி துடைத்துக்கொண்டு திரிகிறேன். உடன் வேலை செய்யும் பாட்ஜோ சொன்னார்: "ஏம்மா, இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சா ஓட்ட விழுந்துரும். போய் உக்காரு."

பானை அழைக்கிறது. வருகிறேன்.

வந்துவிட்டேன். முதலில் வடிவது கண்ணைக் கரிக்கும் சரக்கு. அதை ஒதுக்கியாயிற்று. இனி ஒரு மணி நேரம் இருக்கிறது.

சனிக்கிழமை நண்பகலில் முதல் பீப்பாயைத் திறந்தோம். நிரப்பி மூன்று வருடம் முடிந்துவிட்டது. இனிச் சட்டப்படி அதை விஸ்கி என்று அழைக்கலாம். இந்த ஊரில் நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த முதல் விஸ்கி என்று லவெல் பேசினார். பீப்பாய்க் கிடங்கில் ஊரே நின்றது. கிரேனில் பானைகளை இறக்கிய அன்று கயிற்றைப் பிடித்தவர்களின் பெயரையெல்லாம் வாசித்தார். உன் பெயரும் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நெஸ்ஸா மட்டும் தட்டவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். முகர்ந்தேன். பிறகு நாக்கில் வைத்தேன். காஹல், நன்றாக இருந்தது. நான் வடித்தது, உண்மையாகவே நன்றாக இருந்தது. வெளியே ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நான் சொல்ல விரும்பிய ஒரே ஆளிடம் அதைச் சொல்ல முடியாது என்பதும் அந்த நொடியில்தான் உறைத்தது. ஆறு வருடமாக ஒரு துளியும் தொடாத ஒருவனிடம், என் சரக்கு அருமை என்று எப்படிச் சொல்வேன்?

அடுத்த கிண்ணம் உன் அக்கா அட்ராக்டாவுக்குப் போனது. அவள் வாங்கவில்லை. தன் சலூனில் முடி வெட்டிக்கொண்டே ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற அட்ராக்டாவுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்து, பார்லி மூட்டைகள் அடுக்கிய மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சோர்ஷா, என்னைத் திட்டு. அடிச்சாலும் அடி. அந்த பாட்டில நான்தான்டி எடுத்தேன்."

எந்த பாட்டில் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டில் காணாமல்போன அன்று, நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாளாம், நடைவழியைத் தாண்டி உள்ளே வரவில்லையாம். நான் பையை நடைவழியில் வைத்துவிட்டு, கோழிகளை அடைக்கப் பின்பக்கம் போனேன் அல்லவா, அப்போது திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே டப்ளின் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்ப நான் கொண்டுவந்த ஆறு பாட்டில்கள், புதுச் சரக்கின் மாதிரிகள். "இப்படித் தண்ணி மாதிரி தெளிவா, பூட்டுகூட இல்லாம நடுவீட்டுல வெச்சிருக்கியே, என் தம்பி கண்ணுல பட்டா என்ன ஆகும்னு பகீர்னு ஆயிடுச்சு. ஆறையும் எடுக்கப் பாத்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கையில கெடச்ச ஒண்ண எடுத்துட்டு ஓடிட்டேன். வீட்டுக்குப் போயி சாக்கடையில ஊத்திட்டேன்" என்றாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அதனால் நமக்குள் பிளவு என்று தெரிவதற்குள் நீ கிளம்பிவிட்டாய், தன்னால்தான் தம்பி ஊரைவிட்டுப் போனான் என்று எந்த வாயால் சொல்வது என்று அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் ஒரு பாட்டிலைத்தான் எடுத்தாள். மற்றதையெல்லாம் செய்தவள் நான்.

லவெல் என்னைத் தேடிக்கொண்டிருந்தார், புகைப்படம் எடுக்க. நான் பின்கதவு வழியாக வெளியே போய்விட்டேன்.

மறுபடி பானை. கொஞ்சம் பொறு.

இப்போது எழுதப்போவதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

அன்று நீ பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாய். நான் பாட்டில்களைச் சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஐந்து. திரும்பவும் எண்ணினேன், உன் காதில் விழும்படி வாய்விட்டு எண்ணினேன். நீ திரும்பவில்லை. கத்தி மட்டும் நின்றது. "ஒண்ணு காணோமா?" என்று கேட்டாய். கிட்டே வந்து உன்னை முத்தமிட்டேன். அது முத்தமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் மூச்சை முகர வந்தேன். நீ அசையாமல் நின்றாய். முடியும்வரை நின்றாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன, திருப்தியா?" என்றாய்.

உன்னிடம் வாடை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நாள் முழுக்கப் பானைகளின் நடுவே நின்றவளுக்கு அந்த வாசனை தலைமுடியில், சட்டையில், விரலில் எல்லாம் இருந்தது. இது உன்னிடமிருந்து வருகிறதா என்னிடமிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க முடியாதபோது உன் பக்கம்தான் சந்தேகத்தை வைத்தேன். ஆய்வகத்துக்கு அனுப்பும் சரக்கில் இப்படி ஒரு தவறு செய்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

ஒன்பது நாள் கழித்து நீ நார்வே மீன் பண்ணை வேலைக்குக் கிளம்பினாய். நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்க வேண்டி வரும், கேட்டால் நீ சொல்லும் பதிலை நம்ப முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

இத்தனைக்கும் இந்த வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டதே நீதான். மீன் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மீனை முகர்ந்து கெட்டதா என்று சோதித்தவள் என்று லவெல்லிடம் நீதான் போய்ச் சொன்னாய். "அந்த மூக்கு செத்த மீனுக்கே போதும்னு விட்டுராத" என்று என்னைக் கிண்டல் செய்தாய். உனக்குக் கஷ்டமாக இருக்காதா என்று நான் கேட்டதற்கு, "குடியை விட்டவன் நான், நீ ஏன் வேலைய விடணும்?" என்றாய். அப்படிச் சொன்னவனைத்தான் நான் முகர்ந்து பார்த்தேன்.

நேற்று நெஸ்ஸாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எடுக்கவில்லை, அத்தைதான் எடுத்தாள், அம்மாதான் தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். பதினோரு வயதுப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "நான் அப்பாகிட்ட ஃபோன்ல கேட்டேன். இல்லடா செல்லம்னு சொன்னாரு." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீதான் கேக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு கேள்வி. அவள் கேட்டாள், நீ சொன்னாய், அவள் நம்பினாள். எனக்கு அது ஏழு மாதமாக முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை லவெல் என்னைத் தலைமை வடிப்பாளராக இருக்கச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று காலை சம்மதித்துவிட்டேன். உன்னைத் திரும்ப வரவழைக்க இந்த வேலையை விட்டுவிடுவதாக எழுதினால் இந்தக் கடிதம் அழகாக இருந்திருக்கும். ஆனால் அது பொய். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. விடமாட்டேன். இதை வைத்துக்கொண்டு நாம் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வடிசாலையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரலாம், ஒரு சொட்டும் வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். அதெல்லாம் போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும். போதாது என்றாலும் சொல். அங்கேயே இருப்பது உனக்கு நிம்மதி என்றால் அதையும் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை பன்னிரண்டிலிருந்து இரண்டு வாரம் பானைகளைப் பழுதுபார்க்க வடிசாலையை மூடுகிறோம். நெஸ்ஸாவுக்கும் பள்ளி விடுமுறை. உன் ஊருக்கு எப்படி வருவது, எங்கே படகு மாறுவது என்று அவள் ஏற்கெனவே பார்த்துவைத்துவிட்டாள். வரவேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது. எழுதாவிட்டால் இரண்டு பேரும் வந்து உன் வாசலில் நிற்போம்.

காற்று பலமாக இருக்கும் நாளில் மீன் கூண்டுகளின் விளிம்பில் நடக்காதே. கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும். வந்ததும், நீ எடுத்தாயா என்ற அந்தக் கேள்வியை உன் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். உனக்குத்தான் பதில் தெரியுமே என்று சொல்லிவிடாதே, காஹல். உன் வாயால் சொல். அட்ராக்டா சொல்லி நம்பியவளாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

என்றும் உன்,
சோர்ஷா